கதை போரா, குரல் போரா? ஆடியோபுக்கில் வாசிப்பவரை ஏன் கவனிக்க வேண்டும்?

கதை மாறவில்லை. குரல் மட்டும்தான் மாறியது. அதற்கே ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

நாவலின் பெயர் ‘தி மார்ஷியன்’. செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட மார்க் வாட்னி என்ற விண்வெளி வீரர், உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கும் கதை. மேட் டேமன் நடிப்பில் 2015-ல் படமாக வந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆண்டி வெயர் எழுதிய இந்த நாவல் 2013-ல் ஆடியோபுக்காக வந்தபோது அதை வாசித்தவர் ஆர்.சி. பிரே. சாவு பக்கத்தில் வந்து நிற்கும்போதும் நக்கலை விடாத ஆளாக வாட்னியைத் தன் குரலில் நிறுத்தினார். அமெரிக்காவில் ஒலிநூல்களுக்கென்றே தரப்படும் ‘ஆடி’ விருதும் அந்தப் பதிவுக்குக் கிடைத்தது.

2020-ல் அந்தப் பதிவு விற்பனையிலிருந்து போய், வில் வீட்டன் வாசித்த புதிய பதிவு வந்தது. வீட்டன் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் நடித்தவர். ‘ரெடி பிளேயர் ஒன்’ நாவலை வாசித்துப் பேர் வாங்கியவர். ஆனால் பிரேயின் குரலில் கேட்டுப் பழகியவர்களுக்கு, இது யாரோ வேறொருவருடைய வாட்னியாகத் தெரிந்தது.

கதை அதே. வசனம் அதே. ஜோக்கும் அதே. அப்படியானால் அவர்களுக்குப் பிடித்திருந்தது எது? எழுத்தாளரின் வாட்னியா, வாசித்தவரின் வாட்னியா?

ஆடியோபுக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு ‘கதை செம போர்’ என்று சொல்பவர்கள் பல சமயம் கதையைப் பற்றிச் சொல்வதில்லை. குரலைப் பற்றித்தான் சொல்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது. பழி மட்டும் எழுத்தாளர் தலையில் விழுகிறது.

‘சும்மா படிக்கிறதுதானே?’

ஒலிநூல் வாசிப்பைப் பற்றிப் பலரும் நினைப்பது இதுதான்: நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு, ஒரு மைக். அவ்வளவு இருந்தால் போதும்.

ஒரு சின்ன வசனத்தை எடுத்துக்கொள்வோம். “வந்துட்டியா?” என்றாள் அம்மா.

அச்சில் இது இரண்டே நொடி. வாசகர் மனதுக்குள்ளேயே ஒரு தொனியைப் போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஒலியில் அப்படி நழுவ முடியாது. இரவு பதினோரு மணி வரை வாசலில் நின்றவளின் நிம்மதியா அது? ‘இப்பத்தான் வீடு தெரிஞ்சுதா’ என்ற குத்தலா? உள்ளே அப்பா கோபமாக இருக்கிறார் என்று எச்சரிக்கும் அடங்கிய குரலா? மூன்று வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்தவனைப் பார்த்த தழுதழுப்பா? வாசிப்பவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுக்காமல் தட்டையாகப் படித்தாலும், அதுவும் ஒரு தேர்வுதான். அந்த அம்மாவுக்கு மகன் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்று கேட்பவருக்குத் தோன்றிவிடும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். ஒரு நீண்ட வசனம் முழுக்க ஓடி முடிந்த பிறகு ‘என்று கிசுகிசுத்தான்’ என்று எழுத்தாளர் முடிப்பார். அதுவரை கணீரென்று படித்துவிட்ட வாசிப்பாளர் என்ன செய்வார்? திரும்பப் போய்ப் பதிவு செய்ய வேண்டியதுதான். அதனால் நல்ல வாசிப்பாளர் மைக் முன்னால் உட்காரும் முன்பே கதையை முழுசாகப் படித்திருப்பார். பத்தாம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் துரோகி என்று தெரியவரும் என்றால், முதல் அத்தியாயத்தில் அவன் சிரிக்கும் சிரிப்பை எப்படி வாசிப்பது என்பதை அவர் அப்போதே முடிவு செய்தாக வேண்டும். கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் கதை உடைந்துவிடும். ஒன்றுமே காட்டாவிட்டால், பின்னால் வரும் திருப்பம் ஒட்டாது.

வேகமும் அவர் கையில்தான். ஆங்கில ஒலிநூல் துறையில் ஒரு மணி நேர ஒலிக்குச் சுமார் 9,300 சொற்கள் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இது சராசரி மட்டுமே. துரத்தல் காட்சியும் சாவு வீட்டுக் காட்சியும் ஒரே வேகத்தில் போக முடியாது. ஒரு பத்தி முடிந்து அடுத்த பத்தி தொடங்கும் முன் விடும் அரை நொடி இடைவெளியில்தான் கேட்பவருக்கு விஷயம் உறைக்கிறது.

ஒரே கீர்த்தனையை இரண்டு பேர் பாடினால் அது இரண்டு அனுபவம் என்பதை இசை கேட்பவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். ‘96’ படத்தில் த்ரிஷாவின் ஜானுவுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தது சின்மயி என்று தெரிந்தவர்களுக்கு, ஒரு பாத்திரத்தின் பாதி உயிர் குரலில் இருக்கிறது என்பதும் தெரியும். கதை வாசிப்புக்கு மட்டும் அந்த மரியாதையைத் தர நமக்கு ஏனோ மனசு வருவதில்லை.

224 குரல் போட்டால் நல்ல வாசிப்பா?

அடுத்த தவறான அளவுகோல் இது: எத்தனை குரலில் பேசுகிறார்?

ஹாரி பாட்டர் நாவல்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு புகழ்பெற்ற வாசிப்புகள் உண்டு. பிரிட்டனில் ஸ்டீபன் ஃப்ரை, அமெரிக்காவில் ஜிம் டேல். டேல் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக்குரல் கட்டிக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட குரல்களில் விளையாடுவார். ஃப்ரையின் வாசிப்பில், தாத்தா ஒருவர் கட்டிலோரம் உட்கார்ந்து கதை சொல்லும் சாவதானம் அதிகம். எது சிறந்தது என்ற வாதம் இருபது வருடத்துக்கும் மேலாக ஓய்ந்தபாடில்லை. பெரும்பாலும் எதை முதலில் கேட்டார்களோ, அதுதான் அவர்களுக்கு ‘உண்மையான’ ஹாரி பாட்டர். முதலில் கேட்ட குரலின் பிடி அவ்வளவு இறுக்கமானது.

இந்த விஷயத்தில் மறக்கக் கூடாத பெயர் ராய் டாட்ரிஸ். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலில் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்து கின்னஸில் இடம்பிடித்தவர். முதல் மூன்று நாவல்களையும் அவரே வாசித்தார். நான்காவது நாவலை ஜான் லீ வாசிக்க நேர்ந்தது. கேட்பவர்கள் முணுமுணுத்தார்கள். ஐந்தாவது நாவல் 2011-ல் வந்தபோது டாட்ரிஸ் திரும்பி வந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். ஹெட்போனை மாட்டும் வரைதான்.

அப்போது அவருக்கு வயது 88-ஐ ஒட்டி. இளம்பெண்ணான டெனேரிஸ், முந்தைய நாவல்களில் பேசிய குரலில் பேசவில்லை. வயதான ஒரு பெண்ணின் குரலும் வேறொரு வட்டார உச்சரிப்பும் அவள் வாயிலிருந்து வந்தன. சில பாத்திரங்களின் பெயர்களைச் சொல்லும் விதம்கூட மாறியிருந்தது. பல வருட இடைவெளியில் பழைய குரல்கள் நழுவிவிட்டன. மனிதர்களுக்கு நடப்பதுதான். ஆனால் கேட்பவருக்கு அது, தொடரின் நடுவில் நடிகையை மாற்றியதுபோல் இருந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? 224 குரல் போடுவது சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் கேட்பவருக்கு வேண்டியது எண்ணிக்கை இல்லை. ‘இது அவள்தான்’ என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஒரு மெல்லிய மாற்றத்திலேயே கொண்டுவரலாம். ஒருவருக்குக் கொஞ்சம் நிதானம், இன்னொருவருக்கு வாக்கிய முடிவில் ஓர் இழுப்பு. அவ்வளவே போதும்.

ஆண் வாசிப்பாளர்கள் பெண் பாத்திரத்துக்குக் குரலைக் கீச்சென்று ஏற்றுவது இதனால்தான் உறுத்துகிறது. மிமிக்ரி மேடையில் அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்துப் பழகிய தமிழ்க் காதுக்கு, அழுகிற காட்சியிலும் சிரிப்பு வந்துவிடும். நாவலின் கதாநாயகி அங்கேயே காலி.

அப்படியானால் ஆளுக்கொரு குரல் வைத்துவிடலாமே? அதுவும் நடக்கிறது. ஜார்ஜ் சாண்டர்ஸின் ‘லிங்கன் இன் தி பார்டோ’ நாவலை 2017-ல் 166 பேர் சேர்ந்து வாசித்தார்கள். கல்லறையில் ஆவிகள் மாறி மாறிப் பேசும் நாவல் என்பதால் அந்தக் கூட்டம் அதற்குப் பொருந்தியது. தமிழில் பாம்பே கண்ணன் பல நடிகர்களைக் கொண்டு ‘பொன்னியின் செல்வ’னை ஒலிவடிவமாக்கியபோதும் அதே பொருத்தம் இருந்தது. கல்கியின் நாவலில் உரையாடல்தான் கதையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் ஒருவர் மனதுக்குள்ளேயே நடக்கும் நாவலுக்குப் பத்து பேரும் பின்னணி இசையும் வந்தால், அது கல்யாண வீட்டில் தியானம் செய்வதுபோல் ஆகிவிடும். எந்தக் கதைக்கு எந்த முறை என்று தீர்மானிப்பதே பாதி வேலை.

காது கேட்பது உடம்பிலும் ஏறும்

2018-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பிரபல நாவல்களின் காட்சிகளைச் சிலருக்கு வீடியோவாகவும் ஒலிநூலாகவும் கொடுத்தார்கள். எதில் அதிகம் ஒன்றினீர்கள் என்று கேட்டபோது வீடியோவைத்தான் சொன்னார்கள். ஆனால் இதயத் துடிப்பு, உடல் வெப்பம், தோலின் மின்கடத்தல் ஆகியவற்றை அளந்த கருவிகள் வேறு கதை சொல்லின. ஒலியாகக் கேட்டபோதுதான் உடம்பு அதிகம் எதிர்வினை காட்டியது. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஆடிபிள் நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒலிநூல் விற்பவர்களுக்குச் சாதகமான முடிவு இது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 2019-ல் வந்த ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது. ஒரே கதையைப் படித்தாலும் கேட்டாலும், சொற்களின் பொருளை மூளை கையாளும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றது அது. ‘ஆடியோபுக் கேட்பதெல்லாம் படிப்பதில் சேர்த்தியா?’ என்று கிண்டல் செய்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

பொருள் எப்படியும் வந்து சேர்கிறது. ஆனால் அந்தப் பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவது வாசிப்பவரின் மூச்சு, அவசரம், அலுப்பு, ஆர்வம். படிக்கும்போது இவை எல்லாம் வாசகருடையவை. கேட்கும்போது வேறொருவருடையவை.

தமிழில் இது ஏன் இன்னும் பெரிய விஷயம்?

இங்கேதான் நம் வீட்டுப் பிரச்சினை தொடங்குகிறது.

முதலாவது, நம் எழுத்து. ‘பீமன் கதை’ என்று எழுதினால் அது பீமனின் வரலாறாகவும் இருக்கலாம், அவன் தோளில் தூக்கிக்கொண்டு திரியும் ஆயுதமாகவும் இருக்கலாம். ‘கடல்’ என்பதில் வரும் க-வா, பேச்சில் ‘கங்கை’ என்று தொடங்கும்போது வரும் க-வா என்று எழுத்து சொல்லாது. ‘பாவம்’ என்ற சொல் இரக்கமா, முகபாவமா என்பதும் அப்படித்தான். பின்னணி தெரியாமல் படிப்பவர் வழுக்கி விழும் இடங்கள் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. ஒரு தடவை வழுக்கினால் கேட்பவர் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். மறுபடி உள்ளே போக ஐந்து நிமிடம் ஆகும்.

இரண்டாவது, நம் மொழிக்கு இரண்டு முகம். எழுத்து ஒன்று, பேச்சு இன்னொன்று. ஒரே பக்கத்தில் கதைசொல்லி எழுத்துத் தமிழில் பேசுவார், பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசும். வாசிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தாவ வேண்டும். தாவத் தெரியாதவர் எல்லாவற்றையும் செய்தி வாசிப்பதுபோல் வாசித்துவிடுவார். ‘ஏன்டா இப்பிடிப் பண்ணுன?’ என்ற வரி, வானிலை அறிக்கை மாதிரிக் கேட்கும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: வட்டார வழக்கு. தமிழின் சிறந்த நாவல்கள் பல, ‘பொதுத் தமிழில்’ எழுதப்பட்டவை அல்ல. கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்ததோடு நிற்கவில்லை. கரிசல் வழக்குச் சொற்களுக்குத் தனி அகராதியே தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கு அதைச் செய்தார். தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நாவலில் குமரி மாவட்டக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சு, மலையாளமும் அரபியும் கலந்து வரும். அந்தப் பேச்சைப் படிக்கச் சிரமப்படும் வாசகர் நிறைய பேர் உண்டு. அவர்களுக்கு நல்ல ஒலிப்பதிவு ஒரு வரப்பிரசாதம். கண்ணுக்குக் கரடுமுரடாகத் தெரிந்த வரி, சரியான வாயிலிருந்து வந்தால் காதுக்குச் சட்டென்று புரியும்.

தவறான வாயிலிருந்து வந்தால்? இரண்டு விபத்துகள் நடக்கும்.

ஒன்று, ஸ்டுடியோ தமிழ். எல்லாப் பாத்திரமும் சென்னை நடுத்தர வர்க்கக் குரலில் பேசும். கோவில்பட்டிக்காரரும் கொல்லிமலைக்காரரும் ஒரே அபார்ட்மென்ட்டில் வளர்ந்தவர்கள்போல் கேட்பார்கள். எழுத்தாளர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஓசை, ஒரு மதியப் பதிவில் துடைக்கப்பட்டுவிடும்.

இன்னொன்று, சினிமாத் தமிழ். இது இன்னும் மோசம். தமிழ் சினிமா பல வருடங்களாக ஒரு பாடம் நடத்தி வைத்திருக்கிறது: கொங்குத் தமிழ் என்றால் காமெடி, மதுரைத் தமிழ் என்றால் அரிவாள், வடசென்னைத் தமிழ் என்றால் ரவுடி. வட்டார வழக்கைத் தன் ஊரிலிருந்து எடுக்காமல் சினிமாவிலிருந்து எடுக்கும் வாசிப்பாளர், இந்த முத்திரைகளையும் சேர்த்தே கொண்டுவருகிறார். பிள்ளை இல்லாத துக்கத்தில் கரையும் ஒரு விவசாயத் தம்பதியின் பேச்சு, நகைச்சுவை ட்ராக்போல் ஒலித்தால் என்ன ஆகும்? அங்கே கெட்டுப்போவது ரசனை மட்டும் இல்லை. அந்த மனிதர்களின் கௌரவமும்தான்.

ஆங்கிலத்தில் ஒரு நாவலுக்கு ஒரு பதிவு பிடிக்காவிட்டால் இன்னொன்று இருக்க வாய்ப்புண்டு. தமிழில் பெரும்பாலான இலக்கிய நாவல்களுக்கு ஒரு பதிவு வருவதே பெரிய விஷயம். அந்த ஒன்றும் சொதப்பினால், ஒரு தலைமுறைக் கேட்பாளர்களுக்கு அந்த எழுத்தாளர் ‘போர்’ ஆகிவிடுவார். புத்தகத்தை வாங்கிச் சரிபார்க்கப் போகிறவர்கள் எத்தனை பேர்?

நமக்குக் கேட்கத் தெரியாதா என்ன?

தமிழர்களுக்குக் கதை கேட்பது புதிதும் இல்லை. வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் கேட்டு வளர்ந்த சமூகம் இது. வாரப் பத்திரிகை வந்ததும் படிக்கத் தெரிந்த ஒருவர் தொடர்கதையைச் சத்தமாக வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்ட வீடுகள் உண்டு.

வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ கேட்டவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஜோக் சொல்லும்போது அவர் சிரிக்க மாட்டார். அவசரப்படவும் மாட்டார். கிராமத்துத் திண்ணையில் பேசும் அதே குரல். கேட்பவர்தான் சிரிப்பார். குரல் நடிப்புப் பாடமாகவே அதை வைக்கலாம். தன் வேலை சிரிப்பது இல்லை, சிரிக்க இடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று திருவண்ணாமலையிலிருந்து பவா செல்லதுரை கதை சொல்வதை யூடியூபில் கேட்பவர்கள் ஏராளம். ஆனால் அங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அவர் கதையைச் சொல்கிறார், வாசிப்பதில்லை. சொல்பவர் சொற்களை மாற்றலாம், சுருக்கலாம், தன் அனுபவத்தைச் சேர்க்கலாம். ஒலிநூல் வாசிப்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. எழுத்தாளர் எழுதிய சொல் ஒன்றைக்கூடத் தொடாமல், அதே உயிரைக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் அது தனிக் கலை. நல்ல பேச்சாளர் எல்லாம் நல்ல வாசிப்பாளர் ஆகிவிட முடியாது.

சிலருக்கு இது ரசனை இல்லை, ஒரே வழி

ஒலிநூல் பிறந்ததே ஜிம்மில் ஓடிக்கொண்டு கேட்பதற்காக இல்லை. பிரிட்டனில் 1935-ல் ‘பேசும் புத்தகங்கள்’ தொடங்கியபோது, முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களையும் மனதில் வைத்தே அது தொடங்கியது. முதலில் வந்தவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல். ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 25 நிமிடம்தான் அடங்கும். ஒரு நாவலுக்குக் கட்டுக்கட்டாகத் தட்டுகள் வேண்டியிருந்தன.

பார்வை மாற்றுத்திறனாளி வாசகருக்கு வாசிப்பவரின் குரல் ஒரு கூடுதல் சுவை இல்லை. கதைக்குள் போக இருக்கிற ஒரே கதவு அதுதான். தமிழ்நாட்டில் தன்னார்வலர்கள் பலர், பாடப்புத்தகங்களையும் கதைகளையும் இவர்களுக்காக வாசித்துப் பதிவு செய்து தருகிறார்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் நூல்களோடு பேசும் புத்தகங்களும் இருக்கின்றன. ‘பிடிக்கலைன்னா புத்தகமா படிச்சுக்கோ’ என்று மற்றவர்களிடம் சொல்லலாம். இவர்களிடம் சொல்ல முடியாது.

ஏஐ குரல் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

2023 தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் செயற்கைக் குரலில் வாசிக்கப்பட்ட ஆங்கில ஒலிநூல்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் போகின்றன. செலவு குறைவு, நேரம் குறைவு, தொண்டை கட்டாது.

இதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஸ்டுடியோ வாடகை, வாசிப்பவர் சம்பளம், எடிட்டிங் என்று கணக்குப் பார்த்தால், தமிழில் ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு மனிதக் குரல் கிடைக்கவே போவதில்லை. பொதுஅறிவு நூல், வரலாறு, பாடப்புத்தகம் ஆகியவற்றுக்குத் தெளிவான இயந்திரக் குரல் கிடைத்தால் அது லாபம்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர், நல்ல வாசிப்பாளர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

புனைகதை வேறு. ‘வந்துட்டியா?’ என்ற வரியில் நிம்மதி இருக்கிறதா, குத்தல் இருக்கிறதா என்பதை முடிவு செய்ய, முந்தைய நூறு பக்கமும் அந்த வீட்டின் வாசலும் தெரிந்திருக்க வேண்டும். இயந்திரம் நாளை இதையும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முதலில் நல்ல மனித வாசிப்புகள் நிறைய இருக்க வேண்டும். கரிசல் பேச்சையும் குமரிக் கடற்கரைப் பேச்சையும் யாரும் சரியாகப் பதிவு செய்து வைக்காவிட்டால், இயந்திரம் எதைப் பார்த்துக் கற்கும்? அதற்கும் ஸ்டுடியோ தமிழ்தான் மிஞ்சும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

ஒலிநூல் வாசிப்பாளரை மொழிபெயர்ப்பாளருக்குச் சமமாக நடத்த வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுவருகிறார். இவர் தாளிலிருந்து காற்றுக்குக் கொண்டுவருகிறார். இருவருமே எழுத்தாளரை நம்மிடம் சேர்ப்பவர்கள். இருவராலுமே எழுத்தாளரைக் கெடுக்கவும் முடியும்.

பதிப்பாளர்களும் ஆப் நடத்துபவர்களும் செய்ய வேண்டியவை எளிமையானவை. முகப்பிலேயே வாசிப்பவரின் பெயரைப் போடுவது. ஏஐ குரல் என்றால் அதை ஒளிக்காமல் சொல்வது. குரல் அழகைப் பார்த்து இல்லாமல், கதையின் ஊரைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது. எழுத்தாளர் உயிரோடு இருந்தால், பதிவுக்கு முன் இருவரையும் ஒரு மணி நேரம் பேசவிடுவது. முதல் பத்தியை மட்டும் மாதிரியாகத் தராமல், உரையாடல் வரும் பகுதியையும் தருவது. ஆடிபிளில் கதைக்கு ஒரு மதிப்பெண்ணும் வாசிப்புக்கு இன்னொரு மதிப்பெண்ணும் தனித்தனியாகத் தரலாம். தமிழ்க் கதைகள் தரும் எல்லா இடத்திலும் அது இருந்தால், யார் எங்கே சறுக்கினார்கள் என்று எழுத்தாளருக்கும் தெரியும், வாசித்தவருக்கும் தெரியும்.

கேட்பவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் 1.5 வேகத்தில் கேட்பது நேரத்தை மிச்சம் பிடிக்கும், சரி. ஆனால் அந்த வேகத்தில் முதலில் அடிபடுவது வாசிப்பவர் யோசித்து விட்ட இடைவெளிகள்தான். முதல் அத்தியாயத்தையாவது சாதாரண வேகத்தில் கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால் ‘கதை போர்’ என்று எழுதும் முன், இடறியது கதையா குரலா என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். குரல்தான் என்றால் அதையே எழுதலாம். புத்தகத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். பிடித்திருந்தால் வாசித்தவரின் பெயரையும் ஒரு வரி சேர்த்து நண்பருக்கு அனுப்பலாம்.

ஆர்.சி. பிரேயின் பெயரைத் தெரிந்துவைத்திருந்ததால்தான் ‘தி மார்ஷியன்’ ரசிகர்களால் ‘அவர் எங்கே?’ என்று கேட்க முடிந்தது. தமிழில் கடைசியாகக் கேட்ட ஆடியோபுக்கை வாசித்தவர் பெயர் என்ன என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் போனைப் பார்க்காமல் சொல்ல முடியும்?